உள்ளே போனதும் வெளியே வந்ததும்

சமிபாட்டுக் கோளாறுள்ள நோயாளியைப் பராமரிப்பது ஒரு கணக்கில் தொடங்குகிறது. குடித்த நீரும் ஏற்றிய சேலைனும் ஒரு பக்கம். சிறுநீர், சத்தி, வயிற்றோட்டம் மறுபக்கம். கொடிகாமத்து நோயாளி சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை விடுதியில் கிடந்தாலும் வீட்டு விறாந்தையில் கிடந்தாலும் இந்தக் கணக்கு வேண்டும். விடுதியில் தாதியர் எழுதுகிறார்கள். வீட்டில் யாரும் எழுதுவதில்லை.

வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரும் காரணமாகலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கிணறுகளே பெரிய ஆதாரம். மலக்குழிக் கசிவு நிலத்தடி நீரோடு கலந்தால் வயிற்றோட்டம் வீடுவீடாகப் பரவும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பதே முதற் காப்பு.

இழந்த நீரை ஈடுசெய்வது ஜீவனி என்னும் வாய்வழி நீரேற்றக் கரைசல். குளுக்கோசு உள்ளே போகும்போது குடல் உப்பையும் சேர்த்து உறிஞ்சும். இரண்டின் பின்னால் நீர் போகும். 1971இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த பொங்கான் முகாமில் வைத்தியர் திலீப் மகலனாபிஸ் இதுபோன்ற கரைசலைக் கொடுத்தே வாந்திபேதிச் சாவுகளைப் பெருமளவு குறைத்தார். ஜீவனியின் முழுப் பக்கற்றையும் அதில் குறித்த அளவு நீரில், வழக்கமாக ஒரு லீற்றரில், கரைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பக்கற்றில் கொஞ்சத்தை எடுத்துக் கண்மதிப்பாய் ஒரு கிளாசில் கரைப்பது பிழை. உப்பு கூடினால் அதுவே ஆபத்து. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கலாம். தென்னை நிறைந்த இந்தத் தென்மராட்சிப் பகுதியில் இளநீருக்குப் பஞ்சமில்லைத்தான். ஆனால் அதில் சோடியம் குறைவு, பொற்றாசியம் கூட. ஜீவனியின் வேலையை அது செய்யாது. சிறுநீரக நோயாளிக்கு வைத்தியரைக் கேளாமல் கொடுக்கவே கூடாது.

வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லத் திரும்புவது நீரிழப்பின் அடையாளம். தார்போலக் கறுத்த மலம் இரைப்பையிலோ குடலின் மேற்பகுதியிலோ இரத்தம் கசிவதைக் காட்டலாம். இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும். ஆகவே நோயாளி என்னென்ன குளிசை போடுகிறார் என்று தாதி கேட்பார்.

பசியின்மை வேறு கதை. பொருந்தாத பொய்ப்பல், வாய்ப்புண், மலச்சிக்கல், மெற்போமின் போன்ற நீரிழிவு மருந்து என எதுவும் காரணமாகலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே கோப்பைக்கு முன்னால் இருக்கும் முதியவருக்குத் தனிமையும் பசியைக் கெடுக்கும். சோற்றைக் குவித்து வைத்து "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ" என்று நெருக்கினால் ஓங்காளம்தான் வரும். சின்னக் கோப்பையில் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணிக்கொருதரம் கொடுப்பது நல்லது. தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி சிறிய அளவிலேயே சக்தி தரும். வயிற்றோட்டக்காரருக்கு அது ஆகாது. உறைப்பு ஏறிய ஒடியற் கூழ், எவ்வளவு ஆசைப்பட்டாலும், குடற்புண்காரருக்கு இப்போதைக்கு வேண்டாம். கிழமைக்கொருமுறை நிறை பார்த்தால் தேறுகிறாரா என்பது தெரியும்.

விழுங்க முடியாதவருக்கு மூக்குக் குழாய்வழி உணவு. குழாய் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்திக் கொடுத்து, பிறகும் அரைமணிக்குக் குறையாமல் அப்படியே வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போய்விடலாம். கடைசியில் குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். வாயால் உண்ணாதவரின் வாயையும் நாளுக்கு இரண்டு முறையாவது துடைக்க வேண்டும். அந்த வாய்தான் விரைவில் காய்ந்து புண்ணாகிறது.