வீட்டிலேயே செய்யலாம் கயிறு பின்னும் பீடம்

கிணற்றில் வாளியை இறக்கும்போது கவனித்திருக்கிறீர்களா, நண்பர்களே? வாளி தானாகவே சுற்றும். திரித்த கயிற்றில் பாரம் ஏறியதும் முறுக்கு பிரியப் பார்க்கிறது, அதுதான் காரணம். பின்னிய கயிறு அப்படிச் சுற்றாது. பாதி இழைகள் வலமாகவும் பாதி இடமாகவும் போவதால் ஒன்றை மற்றொன்று சமன் செய்துவிடும்.

எங்கள் வீட்டில் கயிறு திரிப்பதுதான் தொழில். அதற்கு ராட்டும், நீளமான களமும், கூட இரண்டு ஆட்களும் வேண்டும். முதுகுவலி வந்தபின் அம்மாவால் களத்துக்குப் போக முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரே ஆள் செய்ய ஒரு வழி தேடினேன். அப்போதுதான் ஜப்பானியரின் 'மருடாய்' பற்றிப் படித்தேன். வட்டப் பீடம் என்று பொருள். கிமோனோவின் இடைக்கச்சு மேல் கட்டும் பட்டுக்கயிற்றை அவர்கள் இதில் பின்னுகிறார்கள். அந்தக் கலைக்குப் பெயர் குமிஹிமோ.

தேவையானவை:

1. மேல்தட்டு: 10 மி.மீ. பிளைவுட்டில் 250 மி.மீ. விட்டமுள்ள வட்டம், நடுவில் 40 மி.மீ. துளை. எல்லா விளிம்பையும் உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள், இல்லாவிட்டால் நூல் அறும்.
2. அடித்தட்டு ஒன்று, 400 மி.மீ. உயரத்தில் மரக்கால்கள் நான்கு.
3. குண்டுகள்: மாத்திரை டப்பா நான்கு. மணல் நிரப்பி ஒவ்வொன்றும் சரியாக 75 கிராம்.
4. எதிர் எடை: துணிப்பையில் 150 கிராம் மணல்.

ஒவ்வொரு குண்டிலும் நூலைச் சுற்றி, அவிழாமல் ஒரு சுருக்குப் போடவும். நான்கு நூல் முனைகளையும் சேர்த்து முடிந்து, துளை வழியாக இறக்கிப் பையைக் கட்டவும். குண்டுகளை நான்கு திசையிலும் தொங்கவிடவும். வடக்கையும் தெற்கையும் கடிகாரச் சுற்றில் இடம் மாற்றுங்கள். அடுத்து கிழக்கையும் மேற்கையும் எதிர்ச்சுற்றில் மாற்றுங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் உருண்டைக் கயிறு இறங்கிக்கொண்டே வரும்.

எதிர் எடை ஏன் பாதி? நம் அப்ளைடு மெக்கானிக்ஸ் பாடம்தான்! நூல்களின் மொத்த இழுவிசை 300 கிராம், பை 150 கிராம். உராய்வை விட்டுவிட்டால், பின்னல் முனைக்கு இறங்கும் நூலின் சாய்வுக் கோணத்துக்கு சைன் மதிப்பு 150/300, அதாவது 0.5. கோணம் 30 டிகிரி. பை கனத்தால் சாய்வு கூடி, பின்னல் நீண்டு தளரும். லேசானால் இறுகி விறைக்கும். ரொம்பக் கனத்தால் குண்டுகளே மேலே இழுபடும்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. சைன், டிகிரி எதுவும் தெரியாது. ஆனால் இரண்டே நாளில், "இறுக்கமா வேணும்னா கொஞ்சம் மணலை எடுத்துடணும், அவ்வளவுதானே?" என்றார். சூத்திரம் சொல்வதும் அதுதான். இப்போது அரைஞாண் கயிறு பின்னுகிறார். கோயில் வாசல் கடைக்காரர் முதல் தடவையாக 20 கயிறு வாங்கிக்கொண்டார்.

நண்பர்களே, நாம் எழுதும் சூத்திரங்கள் பரீட்சைத் தாளோடு நின்றுவிட வேண்டாம். ஒரு பலகை, நான்கு டப்பா, கொஞ்சம் மணல் போதும். செய்து பாருங்கள்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை