லாரிப் பெட்டிக்குள் காமிரா: சேதத்துக்கு யார் பொறுப்பு?

குஜராத்தின் மோர்பியில் ஏற்றிய டைல்ஸ் பெட்டிகள் சேலத்துக் கடை வாசலில் இறங்கும்போது அடிவரிசையில் இருபது பெட்டி நொறுங்கியிருந்தால், அதற்கு விலை கொடுக்கிறவர் பெரும்பாலும் அதை நொறுக்கியவராக இருப்பதில்லை. ஏற்றியவர்கள் மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் அப்பால் இருக்கிறார்கள், கடைக்காரரோ வாடகைப் பாக்கியைத் தம் கையிலேயே வைத்திருக்கிறார், ஆகவே எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதின் நகலில் 'டேமேஜ்' என்று ஒரு வரி எழுதி, அந்தத் தொகையைப் பாக்கியில் கழித்துக்கொண்டு மிச்சத்தை டிரைவரிடம் நீட்டுவது அவருக்கு மிக எளிய காரியமாகிவிடுகிறது. கழிக்கப்பட்ட தொகை புக்கிங் ஆபீஸ் வழியாகக் கடைசியில் வந்து விழுவது, கடனுக்கு ஒரு வண்டி வாங்கி மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் உரிமையாளர் தலையில்தான்.

மூடிய பாடி லாரிகளிலும் கண்டெய்னர்களிலும் உட்புறத்தில் காமிரா பொருத்திக்கொள்ளும் யோசனை இந்த அநியாயத்திலிருந்துதான் பிறக்கிறது. அது நல்ல யோசனை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் எதற்காகப் பொருத்துகிறோம், அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அறியாமல் பொருத்தினால், செலவழித்த பணம் வீண்.

சட்டத்தின் போக்கு இந்த விஷயத்தில் சரக்கைக் கொண்டு செல்பவருக்குச் சாதகமாக இல்லை என்பதை முதலில் உணர வேண்டும். 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு இயற்றப்பட்டு, 2011 மார்ச் 1 முதல் அமலில் இருக்கும் 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், ரசீது கொடுத்துப் பலருடைய சரக்கையும் கூலிக்கு ஏற்றிச் செல்லும் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் மீது வழக்குப் போடுகிறவர், சேதம் அந்த நிறுவனத்தின் அஜாக்கிரதையால்தான் நேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்று சொல்கிறது. சரக்கை ஒப்படைத்தேன், அது கெட்டு வந்தது என்று காட்டினால் போதும். தெய்வச் செயல், யுத்தம், கலகம், அரசாங்கத் தடை போன்ற காரணங்கள் இருந்தாலன்றிப் பொறுப்பிலிருந்து தப்புவது கடினம். பேக்கிங் சரியில்லை, அனுப்பியவரின் ஆட்களே பெட்டிகளை எறிந்து ஏற்றினார்கள் என்று வாதிட வேண்டுமானால், அதை மெய்ப்பிக்கும் பாரம் கொண்டு சென்றவர் மேலேயே விழும். ஆக, சரக்குக்காரருக்குக் காமிரா ஒரு சௌகரியம். லாரிக்காரருக்கோ அதுவே ஏறக்குறைய ஒரே சாட்சி.

'சரக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, நமக்கென்ன?' என்று சில உரிமையாளர்கள் நிம்மதியாக இருப்பதுண்டு. அது வீண் நிம்மதி. நஷ்டஈடு கொடுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனி, சரக்குக்காரரின் ஸ்தானத்தில் நின்று அதே தொகையை டிரான்ஸ்போர்ட் நிறுவனத்திடம் வசூலிக்கலாம் என்பதைச் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது.

இனி காமிராவை எங்கே வைப்பது? டிரைவர் கேபினை ஒட்டிய முன்சுவரில் வைத்தால், முதல் இரண்டு அடுக்குச் சரக்கு ஏறிய மாத்திரத்தில் அது அட்டைப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பின்கதவுக்கு மேலே, ஃபோர்க்லிஃப்டின் தூண் இடிக்காத மூலையில், உள்நோக்கிச் சாய்த்து வைத்தால் ஏற்றும் வேலை முழுவதும் பதிவாகும். பெட்டிக்குள் இருட்டு; இருளிலும் படம் பிடிக்கும் வகையே உதவும். இரும்புத் தகடு மொபைல் சிக்னலை மறைப்பதால் ஆன்டெனாவை வெளியே கொண்டுவர வேண்டும். தேதியும் மணியும் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்காமல் விட்ட காமிரா எதிராளிக்குத்தான் உபகாரம் செய்யும். மெமரி கார்டு நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும் என்பதால், ஒவ்வொரு லோடுக்கும் உரிய பதிவை உடனே தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் விலையுயர்ந்த பதிவு, சரக்கு ஏறுவதற்கு முன் காலிப் பெட்டியை எடுத்த அரை நிமிஷப் பதிவுதான் என்று நான் சொல்வேன். ஃபோர்க்லிஃப்டின் முள் சற்றே தாழ்ந்து பலகைத் தரையைக் குத்திக் கிழிப்பதும், திரும்பும்போது பக்கத்தகடு உட்குழிவதும் அன்றாடம் நடப்பவை. மேற்கூரையில் விழுந்த சிறு பொத்தலோ அன்று தெரியாது, அடுத்த லோடாக மருந்துப் பெட்டிகள் ஏறி வழியில் மழை பிடித்தால்தான் தெரியும். பொத்தல் எந்த நாளில், எந்தக் குடோனில் விழுந்தது என்று காட்ட முடிந்தால் அந்த நிர்வாகத்திடம் நஷ்டஈடு கேட்கலாம். முடியாவிட்டால் மருந்துக்கும் கூரைக்கும் சேர்த்துத் தாமே கொடுக்க வேண்டியதுதான்.

காமிராவுக்கு எதிரே நிற்கிறவர்களுக்கும் உரிமை உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2023இல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. வெயிலில் தகரப் பெட்டிக்குள் சட்டையைக் கழற்றிவிட்டு மூட்டை சுமக்கும் லோடுமேன், தம்மை யாரோ படம் பிடிக்கிறார்கள் என்பதை அறியாமலிருப்பது முறையன்று. 'இங்கே காமிரா உள்ளது' என்று கதவிலேயே தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள், ஒலிப்பதிவை நிறுத்திவையுங்கள், பதிவை வாட்ஸப் குழுவில் போட்டு எவரையும் அவமானப்படுத்தாதீர்கள். தொழிற்சாலைகள் பல தம் வளாகத்தில் படமெடுப்பதைத் தடுக்கின்றன. அங்கே முன்கூட்டி எழுத்துமூலம் சம்மதம் பெறுவது உத்தமம். தடை செய்யப்பட்ட ராணுவ இடங்களில் காமிரா ஓடிக்கொண்டிருந்தால், 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டத்தின்படி டிரைவர் சிறைக்கே போக நேரலாம்.

படம் இருந்துவிட்டால் வழக்கு ஜெயித்துவிடும் என்பதும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. அதன் ஒரு பகுதியில் பதிவை வைத்திருப்பவரும், மற்றொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே மூல மெமரி கார்டை அழிக்காமல், வெட்டாமல், ஒட்டாமல் உறையிலிட்டு வைத்திருப்பது அவசியம்.

அதற்கும் முந்திய வேலை டெலிவரி இடத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன், 'ஏற்றும்போதே அடிவரிசை நசுங்கியிருந்தது, பதிவு உள்ளது' என்று டிரைவர் எல்.ஆரில் எழுதிவிட வேண்டும். ஒன்றும் எழுதாமல் கொடுத்த கையெழுத்தைப் பின்னால் எந்தப் படமும் எளிதில் மாற்றாது.

சரக்கு அனுப்புகிறவருக்கும் ஒரு வார்த்தை. அதிக மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணத்துக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால், 2011ஆம் ஆண்டின் விதிகளின்படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நஷ்டஈடு வாடகையின் பத்து மடங்குக்கு மேல் போகாது. 400 ரூபாய் வாடகைக்கு அனுப்பிய 30,000 ரூபாய் இயந்திரம் உடைந்தால் 4,000 ரூபாய்தான் கேட்க முடியும். வழக்குப் போட மூன்று வருஷ அவகாசம் இருக்கிறதென்று இருந்துவிடாதீர்கள்: சேதத்தைப் பற்றிய எழுத்துமூலமான நோட்டீஸ், சரக்கை புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துக்குச் சேர்ந்திருக்க வேண்டும், சேராவிட்டால் வழக்கே நிற்காது. டெலிவரி நாளிலிருந்து எண்ணி ஏமாறாமல், புக்கிங் தேதியைப் பார்த்து இன்றே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.