பிடிப்பதற்கென்றே நெய்த சட்டை

மல்யுத்தத்தில் எதிராளியின் உடம்பைப் பிடிக்கிறார்கள். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் உடம்போடு சேர்த்து, அவர் உடுத்தியிருக்கும் சட்டையையும் பிடிக்கிறார்கள். புதிதாகச் சேர்பவர் எதை வாங்கவேண்டும் என்ற கேள்விக்கு விடை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது. கானோ ஜிகோரோ 1882இல் ஜப்பானில் கோடோகன் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை வகுத்தார். அந்தப் பள்ளியின் வீரரான மிட்சுயோ மாயேதா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பெலெம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும், தம்பி ஹீலியோவும் அந்தக் கலையைத் தரைச் சண்டையின் பக்கமாக வளர்த்தெடுத்தார்கள். ‘கி’ என்னும் பயிற்சி உடையும் கூடவே வந்தது. நின்று மோதும்போது அந்த உடை பெரும்பாலும் கைப்பிடிதான். தரையில் உருளும்போது அதுவே கயிறாகவும் மாறிவிடும். சட்டைக் கையின் நுனியைப் பற்றி எதிராளியின் கையை முடக்கலாம். காலரை இழுத்து அவர் கழுத்தையே இறுக்கலாம். சீருடை என்று நினைத்துக் கடைக்குப் போகிறவர் உண்மையில் வாங்கி வருவது ஆட்டத்தின் முதன்மைக் கருவியை.

கருவி என்று பார்க்கத் தொடங்கியதும் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் புலப்படும். மேல்சட்டைக்கு இன்று பரவலாகப் பயன்படுவது ‘பேர்ல் வீவ்’ என்ற பருத்தி நெசவு. முத்துக்களை நெருக்கி அடுக்கியதுபோல் சிறு புடைப்புகள் தெரியும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 350 முதல் 550 கிராம் வரை எடை இருக்கும். நாம் அன்றாடம் போடும் சட்டைத் துணி அதில் பாதிகூட வராது. காலருக்குள் ரப்பர் அல்லது நுரைப் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். காலரால் நெரிக்கும்போது கழுத்தின் இரு பக்கமும் மேலேறும் தமனிகள் அழுந்தி, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. விடாமல் பிடித்தால் சில வினாடிகளிலேயே நினைவு தப்பும். மடங்காத, தடித்த காலரை எதிராளி இறுகப் பற்றுவது கடினம். அதனால்தான் இந்தக் கலையின் சர்வதேசக் கூட்டமைப்பு வகுத்த போட்டி விதிகள் காலரின் தடிப்பை 1.3 செ.மீ.க்குள் நிறுத்துகின்றன, கையை நீட்டினால் சட்டைக் கை மணிக்கட்டிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் ஏறக்கூடாது என்கின்றன. பிடி கிடைக்காதபடி உடையைக் குறுக்குவதும் இறுக்குவதும் ஏமாற்று வேலையாகிவிடும். வீட்டில் கராத்தே உடை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அடிக்கும் உதைக்கும் தோதாக மெல்லிய துணியில் தைத்தது அது. நாலு முறை இழுபட்டால் கிழிந்துவிடும். ஜூடோ உடை தாங்கும். கையும் உடலும் தொளதொளவென்று இருப்பதால் எதிராளிக்குக் கூடுதல் பிடி கிடைக்கும், அவ்வளவுதான். முதல் சில மாதங்களுக்கு அது பெரிய குறையில்லை.

கருவி இவ்வளவு முக்கியமென்றால் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை வாங்கிவிடலாமே? இந்த இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன். அந்தப் பணத்தில் நடுத்தர எடையுள்ள இரண்டு சாதாரண உடைகளை வாங்குவதே நல்லது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துணி தடிக்கத் தடிக்க உலர நேரமாகும். ஈரம் போகாத உடையோடு மறுநாள் பாயில் இறங்குகிறவர், தோலோடு தோல் உரசும் இந்த ஆட்டத்தில் தன்னோடு மோதுகிறவருக்கும் நோயைக் கொண்டுபோகிறார். மல்யுத்த வீரர்களிடம் படர்தாமரை அடிக்கடி வருவதால் மருத்துவர்கள் அதற்கு ‘டீனியா கிளாடியடோரம்’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். ஒன்று கொடியில் காயும்போது மற்றொன்று தயாராக இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். கனத்த உடை நெடுங்காலம் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மாற்றி மாற்றி உடுத்தும் இரண்டுக்கும் தேய்மானம் பங்காகிவிடும். மேலும், துணி நைவதற்கு முன்பே அக்குளிலும் முழங்காலிலும் தையல் விட்டுப்போவது உண்டு. ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதைவிட, அந்த இடங்களில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்ப்பது பயன் தரும். அளவிலும் கவனம் வேண்டும். நெய்யும்போது இழுபட்டே இருந்த பருத்தி நூல், தண்ணீர் பட்டதும் தளர்ந்து சுருங்கும்; வெந்நீரில் இன்னும் மோசம். முன்கூட்டியே சுருக்கிய துணி என்று எழுதியிருந்தாலும் கையில் ஓரிரு சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பதுபோல் எடுத்து, குளிர்ந்த நீரில் துவைப்பது நல்லது.

‘கி’யே வேண்டாம், உடம்போடு ஒட்டியிருக்கும் ‘ரேஷ் கார்ட்’ மேலாடையும் அரைக்கால் சட்டையும் போதும், செலவும் குறைவு என்று சிலர் சொல்வார்கள். ‘நோ-கி’ வகுப்பு மட்டுமே நடத்தும் பள்ளியென்றால் அது சரியே. ஜேப்பும் ஜிப்பும் இல்லாத அரைக்கால் சட்டையாகப் பார்க்கவேண்டும். ஜேப்பில் விரல் மாட்டினால் காயம் படலாம். ஆனால் துணியைப் பிடித்துப் பழகும்போது எதிராளியின் அசைவு மட்டுப்படுகிறது. நடப்பதை யோசித்துப் புரிந்துகொள்ள நேரம் கிடைக்கிறது. புதியவருக்கு அந்த நிதானம் பெரிய உதவி. எதுவானாலும் பள்ளியில் கேட்டுவிட்டு வாங்குங்கள். வெள்ளை உடை மட்டுமே அனுமதிக்கும் பள்ளிகள் உண்டு.

காப்புச் சாதனங்களில் முதல் நாளே வேண்டியது பல்காப்பு. வெந்நீரில் இளக்கிக் கடித்தால் பல்வரிசைக்கு ஏற்பப் படியும் மலிவு வகையே போதும். தற்செயலாக மோதும் முழங்கைக்கும் முழங்காலுக்கும் முன்னறிவிப்பு கிடையாது. காதுக்காப்பைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது எதற்கு என்ற காரணத்தை அறிந்திருக்கவேண்டும். காதின் குருத்தெலும்புக்குத் தனி ரத்தக்குழாய் இல்லை. மேலே ஒட்டியிருக்கும் சவ்விலிருந்துதான் ஊட்டம் வருகிறது. உரசலில் சவ்வு பிரிந்து இடையில் ரத்தம் கட்டினால், காது முடிச்சு முடிச்சாக நிரந்தரமாகத் தடித்துப்போகும். காது வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். மறுபடி பாயில் இறங்குமுன் காப்பு வாங்கவேண்டும். ஆண்களின் இடுப்புக்கீழ்க் காப்பைக் கூட்டமைப்பின் போட்டிகளில் அணிய விடுவதில்லை. அந்தக் கெட்டியான ஓடு எதிராளியின் மூட்டை முறிக்கும் நெம்புகோல் முனையாகிவிடும். பாய்க்கு வெளியே போட ஒரு ஜோடி செருப்பும், ஒரு நகவெட்டியும் பையில் இருந்தால், வகுப்புக்குக் கிளம்பலாம்.