அரசு வெப்சைட் எல்லோருக்கும் திறக்குதா? விதிகள் சொல்வது என்ன?

சான்றிதழ், உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என எதற்குமே இப்போ ஆன்லைனில் விண்ணப்பிக்கணும். மல்லாங்கிணறில் இருந்துகொண்டே மொபைலில் முடித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பார்வையற்றவர், பட்டாசு விபத்தில் கண்ணோ விரலோ பாதிக்கப்பட்டவர், தமிழ் மட்டுமே தெரிந்தவர் ஆகியோராலும் முடியுமா? முடியணும் என்கின்றன விதிகள்.

என்ன விதி?

அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறை முதலில் 2009-ல் வந்தது. இதன் மூன்றாவது பதிப்பு 2023-ல் வெளியானது. சர்வதேச அளவில் பின்பற்றப்படும் 'டபிள்யூசிஏஜி 2.1' தரம்தான் இதற்கு அடிப்படை. அதன்படி,

* படத்தில் இருப்பதை எழுத்திலும் விவரிக்கணும். அப்போதான் ஸ்க்ரீன் ரீடர் அதை வாசித்துக் காட்டும்.
* எழுத்துக்கும் பின்னணி நிறத்துக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும்.
* எழுத்தை 200% பெரிதாக்கினாலும் எதுவும் மறையக் கூடாது.
* மவுஸ் இல்லாமல், கீபோர்டு மூலமாகவே எல்லாவற்றையும் இயக்க முடியணும்.

விருதுநகர் மாவட்ட இணையதளம் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கிறது. ஐ.நா. சபையின் இணையதளம் 6 மொழிகளில் இயங்குகிறது.

தமிழில் என்ன சிக்கல்?

தமிழில் இருந்தால் மட்டும் போதாது. அறிவிப்பை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகப் போட்டால், ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் படம்தான். பழைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்திருந்தால் புரியாத எழுத்துகளாக வாசிக்கும். இதற்குத் தீர்வு யூனிகோடு. தமிழக அரசு 2010-லேயே அதை ஏற்றுக்கொண்டது.

கோர்ட் என்ன சொன்னது?

'பின்பற்றினால் நல்லது' என்ற அளவில் நெறிமுறைகள் இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அடுத்து வந்தது கேஒய்சி வழக்கு. ஆன்லைன் சரிபார்ப்பில் 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேட்கிறார்கள். ஆசிட் வீச்சில் கண்கள் சிதைந்தவர்களால் அது எப்படி முடியும்? பாதிக்கப்பட்டவர்கள் தொடர்ந்த வழக்கில், டிஜிட்டல் சேவையைப் பெறுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. பட்டாசு ஆலைத் தீயில் முகம் கருகியவருக்கும் இதே தடைதான் என்பதால், சிவகாசி வட்டாரத்துக்கு இது முக்கியமான தீர்ப்பு.

நீங்களே செக் பண்ணலாம்!

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி போய் 'டாக்பேக்' வசதியை ஆன் செய்யுங்கள். அதன்பின் ஒருமுறை தட்டினால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். இப்போ திரையைப் பார்க்காமல் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறீர்களோ, அங்கேதான் குறை இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சம்பந்தப்பட்ட துறைக்குப் புகார் அனுப்பலாம். நடவடிக்கை இல்லை என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.