விடுதலும் பேணுதலும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியிலே, ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் தொலைவில், ஒரு சேமக்காலை உண்டு. இரண்டாம் உலகப் போரில் மாண்ட பொதுநலவாயப் படையினர் பலர் அங்கே அடக்கஞ் செய்யப்பெற்றுள்ளனர். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கிய கதையை இவ்வூரார் முன்னோர் வாயிலாகக் கேட்டிருப்பர். சேமக்காலை என்றதும் முள்ளையும் புதரையும் எண்ணிச் செல்வோர் அங்கே ஒரு தோட்டத்தையே காண்பர். வரிசை வரிசையாக ஒரே அளவான கற்கள். அவற்றைச் சூழப் பசும்புல். இறந்தோர் இடத்தைத் தோட்டமாகப் பேணுவது, 1917இல் அமைக்கப்பெற்ற போர்க் கல்லறை ஆணைக்குழு தொடக்கமுதலே கைக்கொண்ட வழக்கமாகும்.

கல்லறையையும் தோட்டத்தையும் முதன்முதல் இணைத்தது அவ்வாணைக்குழு அன்று. இயேசுநாதரை அடக்கஞ் செய்த இடம் ஒரு தோட்டம் என யோவான் சுவிசேஷம் கூறுகின்றது. வெறுமையான கல்லறையின் முன் அழுதுகொண்டு நின்ற மகதலேனா மரியாள், உயிர்த்தெழுந்தவரைத் தோட்டக்காரர் என்றே முதலில் எண்ணுகிறாள். அவர் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறார், அவள் அறிந்துகொள்கிறாள். அப்போதுதான் தம்மைத் தொடவேண்டாம் எனத் தடுக்கிறார். மூலக் கிரேக்கச் சொல்லுக்கு, பற்றிக்கொண்டிராதே என்ற பொருளும் உண்டு. கிறிஸ்தவ மரபில் விடுதலைப் பற்றிப் பேசுவோர் இவ்விடத்தைப் பெரிதும் எடுத்தாளுவர்.

நிலாவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் இப்பாடத்தின் ஒரு பகுதியைப் போதகர் சொல்லாமலே அறிவர். அறுவடையில் நல்ல வெங்காயத்தைப் பிடியாகக் கட்டி விதைக்கென ஒதுக்கிவைப்பர். சந்தையில் விலை ஏறினும் அதிற் கைவையார். நட்ட வெங்காயம் பலவாகப் பிரிந்து பெருகும்; நட்டதோ சருகாய்ப் போய்விடும். நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியை இயேசுநாதர் உவமையாக்கியதும் இக்கருத்துப் பற்றியே. விதை உண்மையிற் சாவதில்லை, அதனுள் முளைக்கென வைத்த உணவே செலவாகின்றது என்று தாவரநூலார் திருத்துவர். திருத்தம் சரியே. உவமையும் அதனாற் கெடவில்லை. செலவாகாத சேமிப்பு முளையைத் தருவதில்லையே.

மல்லிகைக் கொடியைக் கத்தரிப்பதும் இத்தகையதே. பழைய கொம்பில் எத்துணை ஆசை வைத்தாலும் பூ வருவது புதுத் தளிரிலேதான். ஆயினும் கத்தரிக்கோலை எடுத்தவர் எல்லாம் தோட்டக்காரர் ஆகார். மண்ணில் ஈரம் இருக்கும்போது வெட்டினாற் கொடி தழைக்கும். கச்சான் காற்று வீசிக் கிணறும் வற்றிய நாளில் வெட்டினாற் பட்டுப்போகவுங் கூடும். லூக்கா சுவிசேஷத்திலே மூன்று ஆண்டாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடுமாறு கூறுபவன் தோட்டத்தின் சொந்தக்காரன். இன்னும் ஓராண்டு பொறுக்கும்படியும், தான் சுற்றிலுங் கொத்திப் பசளை இடுவதாகவும் மன்றாடுபவன் தோட்டக்காரன். விடுதலைப் பற்றிய போதனைகளில் இக்கதை அதிகம் இடம்பெறாமை வியப்பிற்குரியது.

மனிதத் துயரிலும் இவ்வொழுங்கு வேண்டும். ‘விட்டுவிடு’ என்பது சொல்பவர்க்கு எளிது. முதல் உலகப் போரின் பின் பிரித்தானியத் தாய்மார் பலர் தம் மைந்தரின் உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டினர். 1919இல் ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்ட விண்ணப்பமும் எழுந்தது. இறந்தோர் யாவரும் சமம், செல்வர்க்கு மட்டும் உடல் திரும்புதல் தகாது என்று ஆணைக்குழு மறுத்தது. 1920இல் பாராளுமன்றமும் அம்முடிவினின்று மாறவில்லை. காரணம் நேர்மையானது எனினும், அத்தாய்மார் தாமாக விட்டனர் எனல் பொருந்தாது. இயேசுநாதரோ தம் உயிரைப் பிறர் பறிக்கவில்லை, தாமே கொடுப்பதாகச் சொன்னவர். பறிக்கப்பட்டதைத் துறவென்று புகழ்தல் கொடியை வேரோடு பிடுங்கிவிட்டுக் கத்தரித்ததாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இத்திருகோணமலை மாவட்டத்திற்கும் இஃது அயலார் கதை அன்று. 2004 திசெம்பர் 26ஆந் திகதிக் கடல்கோளாலும், 2009இல் முடிந்த போராலும் கல்லறையே இல்லாத துயரம் இங்குப் பல இல்லங்களுக்கு வாய்த்தது. காணாமற் போனவரின் கதியைக் கேட்டு 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் உறவினர் தொடர்போராட்டங்களைத் தொடங்கினர். அவர்களிடம் மறக்கச் சொல்லி அறிவுரை கூறுவோர் தோட்டத்துக் கதையின் முற்பகுதியை மறந்தவராவர். மரியாள் அங்கே முதலிற் கேட்டது உடல் எங்கே வைக்கப்பட்டது என்பதைத்தான்; சொன்னால் தானே எடுத்துச் செல்வதாகவும் கூறினாள். அக்கேள்விக்காக அவளை எவருங் கடிந்துகொள்ளவில்லை. பற்றாதே என்ற சொல், அவள் பெயர் கேட்டு, முகங் கண்டு, உண்மை அறிந்த பின்னரே வருகின்றது.

போர்ச் சேமக்காலையிலே பெயர் அறியப்பெற்றவரின் கல்லில் அப்பெயரும் நாளும் பொறிக்கப்பட்டிருக்கும். அடியிலே சில சொற்களைச் சேர்க்கும் உரிமை குடும்பத்தார்க்கு அளிக்கப்பட்டிருந்தது. கடல் கடந்து வந்து பார்க்க இயலாத தாயர் எழுதியனுப்பிய சொற்களும் அவற்றுள் உள. மாரி பெய்து ஓய்ந்ததும் புல் உயர்ந்து அவ்வெழுத்துகளை மறைக்கத் தொடங்கும். அங்கே வேலை செய்பவர் குனிந்து, அவ்வளவு புல்லை மட்டும் கையால் நறுக்கி விடுவார்.