எண்ணூர் சாலை இரைச்சலும் மேத்.லாக்கும்

ஜாவாஸ்கிரிப்டில் மேத்.லாக் என்று எழுதி, அடைப்புக்குள் 10 கொடுத்துப் பாருங்கள். விடை 1 வராது, 2.302585 என்று வரும். பிளஸ் டூவில் கிளார்க் அட்டவணையைப் புரட்டியவர்களுக்கு இது உறுத்தும். அந்த அட்டவணையில் இருப்பது 10-ஐ அடிமானமாகக் கொண்ட பொது மடக்கை. மேத்.லாக் தருவதோ 2.71828 என்று நீளும் எண்ணை அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கை. பிஎச்பி, பைத்தான் இரண்டிலும் லாக் என்று மட்டும் எழுதினால் அதேதான்.

இது எங்கே கடிக்கும் என்பதற்கு வடசென்னையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த இரைச்சலை டெசிபலில் அளந்து ஒரு வலைப்பக்கத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டெசிபல் என்பது 10-அடிமான மடக்கையால் ஆன அளவு. அதனால் தலா 80 டெசிபல் எழுப்பும் இரண்டு லாரிகள் சேர்ந்தால் 160 ஆகாது, 83 தான். ஒவ்வொன்றின் டெசிபலையும் ஒலி ஆற்றலாக மாற்றி, கூட்டி, மறுபடி மடக்கை எடுத்து 10-ஆல் பெருக்க வேண்டும். அந்தக் கடைசிப் படியில் மேத்.லாக் போட்டுவிட்டால் 191 வரும். ராக்கெட் ஏவுதளத்தின் அருகில் நின்றால்தான் அப்படி ஒரு எண்ணைப் பார்க்கலாம். பிழை உடனே கண்ணில் படும், திருத்திவிடலாம்.

கண்ணில் படாத பிழைதான் ஆபத்து. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி தொழிற்பகுதிக்குப் பகல் வரம்பு 75 டெசிபல். பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை, பதினாறு மணி நேரம். அதன் சராசரிதான் கணக்கு. எட்டு மணி நேரம் 80, எட்டு மணி நேரம் 60 என்று இருந்தால் சராசரி என்ன? 70 என்று சொல்லத் தோன்றும். ஆற்றலைச் சராசரி எடுத்தால் 77, அதாவது வரம்பைத் தாண்டியாகிவிட்டது. இப்போது நிரல் எழுதுபவர் டெசிபலிலிருந்து ஆற்றலுக்குப் போகும்போது மேத்.எக்ஸ்ப், திரும்பி வரும்போது மேத்.லாக் என்று இரண்டு பக்கமும் இயல் அடிமானத்தையே வைத்துவிடுகிறார். ஜோடி பொருந்தியிருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். விடை 74.3. எவரும் சந்தேகப்பட மாட்டார்கள். விதியை மீறிய சாலை, திரையில் விதிக்கு உட்பட்ட சாலையாகிவிடும். என்னைக் கேட்டால், 191-ஐவிட இந்த 74.3 மோசமானது.

தீர்வு சுலபம். 2015-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் மேத்.லாக்10 இருக்கிறது, டெசிபலுக்கு அதுதான். மேத்.லாக்கின் விடையை 10-இன் இயல் மடக்கையான மேத்.எல்என்10-ஆல் வகுத்தாலும் கிடைக்கும், ஆனால் 1000-க்கு 3 வராமல் 2.9999999999999996 வரும். தசமத்தை வெட்டி முழு எண்ணாக்கும் நிரலில் அது 2 ஆகிவிடும். பிஎச்பியில் அடிமானத்தை இரண்டாவது மதிப்பாகக் கொடுக்கலாம். அந்தப் பழக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டிலும் 100, 10 என்று கொடுத்தால் அது 10-ஐச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு 4.605 தரும்.

மேத்.லாக் அப்படியே பொருந்தும் இடமும் இதே வட்டாரத்தில் உண்டு. அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகை எவ்வளவு வேகத்தில் நகரும் என்று பார்க்க, உயரத்தோடு காற்று வேகம் கூடுவதைக் கணக்கிடுவார்கள். அங்கே ஒரு மடக்கையை இன்னொரு மடக்கையால் வகுப்பதால் அடிமானம் அடிபட்டுப் போகும். தரையின் கரடுமுரடை அரை மீட்டர் என்று வைத்தால், 10 மீட்டர் உயரத்துக் காற்று 100 மீட்டரில் சுமார் 1.77 மடங்கு. எந்த மடக்கையில் போட்டாலும் அதே விடைதான்.

டெசிபல் கணக்கில் இன்னொன்று: இரைச்சலை அளக்கும் கருவி நாள் முழுக்கப் படுத்துவிட்டால் ஆற்றலின் கூட்டுத்தொகை 0. பூஜ்யத்துக்கு மேத்.லாக், மேத்.லாக்10 இரண்டுமே மைனஸ் இன்பினிட்டியைத்தான் தரும். மடக்கை எடுப்பதற்கு முன்னால் அதைச் சோதித்து, பக்கத்தில் ‘அளவீடு இல்லை’ என்று காட்டுங்கள்.