ரிங்லெட் நீரும் 50 ஹெர்ட்ஸும்

எதிரே தெரிவது ரிங்லெட் நீர்த்தேக்கம். பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே நிற்கும் சுல்தான் அபு பாக்கார் அணை 1963 முதல் இதைத் தேக்கி வைத்திருக்கிறது. இங்கிருந்து நீர் சுரங்கம் வழியே ஜோர் நிலத்தடி மின் நிலையத்துக்கு இறங்கி, தலா 25 மெகாவாட் திறனுள்ள 4 ஜெனரேட்டர்களை இயக்குகிறது.

சீரான வேகம்
தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் நொடிக்கு 50 அலைகள், அதாவது 50 ஹெர்ட்ஸ். மாலையில் வீட்டுக்கு வீடு விளக்கும் மின்னடுப்பும் எரியும்போது பளு கூடும், டர்பைன் சற்றே தளரும், அதிர்வெண் இறங்கும். உடனே கவர்னர் என்னும் கருவி நீர்த்தாரையின் ஊசி வால்வைக் கூடுதலாகத் திறந்து வேகத்தை மீட்கும்.

இந்தச் சீர்மை போதுமா?
மின்விசிறிக்குப் போதும். கைப்பேசிக் கோபுரத்தில் சிக்னலின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் குவார்ட்ஸ் ஆசிலேட்டருக்குப் போதாது. அது டிசி எனும் நேர்மின்னோட்டத்தில் இயங்குகிறது; அதற்குத் தரும் மின்னழுத்தம் சிறிது ஆடினாலும் அதன் அதிர்வெண் நகரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலை ரெக்டிஃபையர் டிசியாக மாற்றும்போது 100 ஹெர்ட்ஸ் சிற்றலை ஒட்டிக்கொள்ளும். அது ஆசிலேட்டருக்குள் புகுந்தால் சிக்னலின் இருபுறமும் வேண்டாத துணை அலைகள் முளைக்கும்.

தடுக்கும் வழி
பெரிய கெபாசிட்டர் சிற்றலையை மட்டுப்படுத்தும். இரைச்சல் குறைந்த ரெகுலேட்டர் மிச்சத்தை அடக்கும். ஆசிலேட்டரின் மின் முனையை ஒட்டிப் பற்றவைத்த சிறு கெபாசிட்டர், வேகமான இரைச்சலைத் தரைக்குத் திருப்பிவிடும்.

மலைச்சரிவிலிருந்து அரித்து வரும் மண் இந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைக் குறைத்து வருகிறது. அதோடு குப்பையும் சேர வேண்டாம்; கரையில் எதையும் போடாதீர்கள்.